எந்தத் தூசுக்கு எந்த மாஸ்க்?



இன்றைய பேச்சு ஒரு சின்னப் பொருளைப் பற்றியது. அது உள்ளங்கையில் அடங்கும். சட்டைப் பையில் மடித்து வைக்கலாம். அதுதான் மாஸ்க். முகக்கவசம் என்றும் சொல்வார்கள்.

2020-ஆம் ஆண்டு கொரோனா வந்தது. அப்போது மாஸ்க் எல்லா வீட்டுக்கும் வந்தது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே சிலருக்கு அது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. கல் உடைப்பவர், ஜல்லி அள்ளுபவர், டைல்ஸ் அறுப்பவர், மிளகாய் அரைப்பவர், பெயின்ட் அடிப்பவர், சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்பவர். இவர்கள் எல்லோரும் வேலை செய்யும் இடத்தில் மூச்சு விடுகிறார்கள். அந்த மூச்சிலேயே ஆபத்து இருக்கிறது.

மூக்கில் ஏதோ ஒன்றைக் கட்டிக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. மாஸ்க் இல்லாதவர் தூசைக் கண்டால் பயந்து விலகி நிற்பார். தப்பான மாஸ்க் போட்டவர் விலக மாட்டார். தனக்குக் காவல் இருக்கிறது என்று நம்பித் தூசுக்குள்ளேயே நிற்பார். ஆகவே எந்த ஆபத்துக்கு எந்த மாஸ்க் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

லால் குவான் சொல்லும் பாடம்

தலைநகர் தில்லியின் தெற்குப் பக்கம் ஒரு சாலை இருக்கிறது. மெஹ்ரோலியில் இருந்து பதர்பூருக்குப் போகும் சாலை. துக்ளகாபாத் கோட்டையைத் தாண்டினால் லால் குவான் என்ற ஊர் வரும். லால் குவான் என்றால் சிவப்புக் கிணறு என்று பொருள். பழைய தில்லியிலும் இதே பெயரில் ஓர் இடம் உண்டு. அது வேறு, இது வேறு.

ஆரவல்லி மலைத்தொடர் தில்லியில் வந்து முடிகிறது. இங்கே கிடைக்கும் பாறைக்குக் குவார்ட்சைட் என்று பெயர். மிகவும் கெட்டியான பாறை. தில்லி நகரம் வளர வளர ஜல்லி தேவைப்பட்டது. மணல் தேவைப்பட்டது. இந்தப் பாறையை உடைத்து வந்த பருமணலைத் தில்லிக் கொத்தனார்கள் 'பதர்பூர்' என்றே அழைப்பார்கள். ஊர்ப் பெயரே மணலுக்குப் பெயராகிவிட்டது.

லால் குவானில் கல் உடைக்கும் கிரஷர்கள் ஓடின. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் இருந்து ஏழை மக்கள் வேலைக்கு வந்தார்கள். ஆணும் பெண்ணும் வேலை செய்தார்கள். கிரஷர் ஓடும்போது வெள்ளைப் புகை போலத் தூசு எழும்பும். தலையில் படியும். சோற்றில் படியும். தலையில் படிந்த தூசைக் குளித்தால் கழுவிவிடலாம். மூச்சில் போனதைக் கழுவ முடியாது.

அந்தத் தூசில் சிலிகா என்ற பொருள் இருந்தது. சிலிகாத் தூசு நுரையீரலுக்குள் போய்ப் படிந்தால் சிலிகோசிஸ் என்ற நோய் வரும்.

வழக்கறிஞர் எம்.சி.மேத்தா உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். 1992-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. லால் குவான், ஆனந்த் பர்பத், ராஜோக்ரி முதலிய இடங்களில் இருந்த கிரஷர்கள் அந்த ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதி முதல் ஓடக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. ஹரியானாவில் உள்ள பாலி என்ற இடத்துக்குப் போகச் சொன்னது.

கிரஷர்கள் போய்விட்டன. தூசு போகவில்லை. அது தொழிலாளரின் நெஞ்சுக்குள் தங்கிவிட்டது.

சிலிகோசிஸ் உடனே தெரியாது. பெரும்பாலும் பத்து ஆண்டு, அதற்கும் மேல் கழித்துத்தான் தெரியும். முதலில் வறட்டு இருமல். பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பிறகு நடந்தாலே மூச்சு வாங்கும். உடம்பு இளைக்கும். இதைப் பார்த்தால் டி.பி. போலவே இருக்கும். அதனால் பலருக்கு டி.பி. மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்டது. சிலிகோசிஸ் இருப்பவருக்கு டி.பி. சுலபமாகத் தொற்றும் என்பதும் உண்மை. ஆனால் டி.பி.யைக் குணப்படுத்த மருந்து உண்டு. சிலிகோசிஸைக் குணப்படுத்த மருந்து இல்லை. வராமல் தடுப்பது ஒன்றே வழி.

லால் குவான் மக்களுக்காகப் 'பிரசார்' என்ற அமைப்பு உழைத்தது. 2006-ஆம் ஆண்டு அது உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. சிலிகோசிஸ் நோயாளிகளுக்கு மருத்துவமும் இழப்பீடும் வேண்டும் என்று கேட்டது. வழக்கு நடந்தது. இழப்பீடு வரலாம். இழந்த மூச்சு திரும்பி வருமா?

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் 1930-ஆம் ஆண்டு மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுபோகச் சுரங்கம் தோண்டினார்கள். அந்த இடத்தின் பெயர் ஹாக்ஸ் நெஸ்ட். தோண்டியவர்களில் பெரும்பாலோர் வேலை தேடி வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். தண்ணீர் தெளிக்காமல் பாறையைத் துளைத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் சிலிகோசிஸால் இறந்துபோனார்கள். சுரங்கத்தைப் பார்வையிட வந்த மேலதிகாரிகள் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தார்கள் என்று பின்னால் விசாரணையில் தெரிந்தது. தோண்டியவர்களுக்கு மாஸ்க் கொடுக்கவில்லை.

துண்டு கட்டினால் போதாதா?

"நாங்கள் சும்மா இருக்கவில்லையே. துண்டை நன்றாகச் சுற்றிக் கட்டுகிறோமே" என்று ஒரு தொழிலாளி கேட்கலாம். "நான் முந்தானையால் மூடிக்கொள்கிறேனே" என்று ஒரு சித்தாள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

வீட்டில் மாவு சலிக்கிறோம். சல்லடையில் தவிடு நிற்கும். மாவு கீழே விழும். துண்டும் ஒரு சல்லடைதான். பெரிய தூசு அதில் நிற்கும். பொடித் தூசு உள்ளே போய்விடும்.

எவ்வளவு பொடி? ஒரு மில்லிமீட்டரை 1,000 பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். மனிதத் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன் இருக்கும். நுரையீரலின் அடிவரை போகும் தூசு 4 மைக்ரானுக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வெயில் கீற்றில் பறப்பது போலத் தெரிகிறதே, அது பெரிய தூசு. அதை மூக்கு மயிரும் சளியும் ஓரளவு பிடித்துவிடும். தும்மினால் வெளியே வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தூசுதான் ஆளைக் கொல்வது.

அந்தத் தூசு நுரையீரலின் கடைசியில் உள்ள சின்னக் காற்றுப் பைகளில் போய்ப் படிகிறது. உடம்பு அதை எதிரி என்று நினைத்துப் போராடுகிறது. கல்லைக் கரைக்க முடியுமா? முடியாது. அந்த இடம் புண்ணாகிறது. புண் ஆறித் தழும்பாகிறது. தழும்பு நிறைந்தால் நுரையீரல் கெட்டியாகிவிடும். விரியாது. மூச்சு வராது.

காதில் மாட்டும் நீல நிற மாஸ்க் உண்டு. டாக்டர்கள் அறுவைச் சிகிச்சையின்போது போடுவது. அது எச்சில் தெறிக்காமல் காக்கும். ஆனால் அதன் இரண்டு பக்கமும் இடைவெளி இருக்கும். தூசு அந்த வழியாகப் புகுந்துவிடும். கல் தூசுக்கு அதுவும் போதாது.

முதலில் மூன்று கேள்விகள்

கடையில் போய் "ஒரு மாஸ்க் கொடு" என்று கேட்பதற்கு முன் ஒருவர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: வேலை செய்யும் இடத்தில் காற்றில் இருப்பது தூசா?

இரண்டாவது கேள்வி: ஆவியா, வாயுவா?

மூன்றாவது கேள்வி: அங்கே மூச்சு விடப் போதுமான காற்று இருக்கிறதா?

கல், சிமென்ட், மரம், மிளகாய், பஞ்சு, மாவு ஆகியவற்றில் இருந்து வருவது தூசு. வெல்டிங் புகையிலும் மிக நுண்ணிய உலோகத் துகள்கள் இருக்கின்றன. இவற்றுக்கு, போட்டுவிட்டுத் தூக்கி எறியும் தூசு மாஸ்க் உதவும். ஆனால் வெல்டிங்கில் வாயுவும் வரும். ஆகவே அங்கே மாஸ்க் இருந்தாலும் காற்றோட்டம் கட்டாயம் வேண்டும்.

பெயின்ட், தின்னர், பசை, அமிலம் ஆகியவற்றில் இருந்து வருவது ஆவி. ஆவி தூசு மாஸ்க்கில் நிற்காது. சல்லடையில் தண்ணீர் நிற்குமா? அதுபோலத்தான். ஸ்பிரே பெயின்ட் அடிப்பவருக்கு ரப்பர் முகக்கவசம் வேண்டும். அதில் டப்பா போல ஒன்று திருகி மாட்டப்பட்டிருக்கும். டப்பாவுக்குள் ஆவியை உறிஞ்சும் கரி இருக்கும். எந்த ஆவிக்கு எந்த டப்பா என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். மாஸ்க் போட்ட பிறகும் பெயின்ட் வாசனை வந்தால், அந்த மாஸ்க் காக்கவில்லை என்று பொருள். உடனே வெளியே வர வேண்டும்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் "இல்லை" என்றால் எந்தத் தூசு மாஸ்க்கும் உதவாது. அதைப் பிறகு பார்க்கலாம்.

எண்ணைப் பாருங்கள்

நல்ல தூசு மாஸ்க் எப்படித் தூசைப் பிடிக்கிறது? தலை வாரிய பிளாஸ்டிக் சீப்பைச் சின்னக் காகிதத் துண்டுகளின் அருகே காட்டினால் துண்டுகள் தாவி ஒட்டிக்கொள்ளும். குழந்தைகள் விளையாடுவார்கள். சீப்பில் ஏறிய மின்சாரமே அதற்குக் காரணம். நல்ல மாஸ்க்கின் நடுவில் உள்ள நாரிலும் இப்படி மின்சாரம் ஏற்றியிருக்கும். பொடித் தூசு அதில் ஒட்டிக்கொள்ளும். சல்லடைக் கண் வழியாகப் போகக்கூடிய தூசுகூடச் சிக்கிக்கொள்ளும். மாஸ்க்கைச் சோப்புப் போட்டுத் துவைத்தால் அந்தச் சக்தி கெட்டுவிடும். ஆகவே இந்த மாஸ்க்கைத் துவைக்கவே கூடாது.

இந்த மாஸ்க்குகளில் மூன்று தரம் உண்டு. மாஸ்க்கின் மேல் எஃப் எஃப் பி என்ற மூன்று ஆங்கில எழுத்து இருக்கும். பக்கத்தில் 1, 2, 3 ஆகிய எண்களில் ஏதாவது ஒன்று இருக்கும். ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எண் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஐரோப்பிய நாடுகளின் அளவுப்படி எண் 1 உள்ள மாஸ்க், சோதனைத் துகள்கள் நூற்றில் குறைந்தது 80-ஐப் பிடிக்கும். எண் 2 உள்ள மாஸ்க் 94-ஐப் பிடிக்கும். எண் 3 உள்ள மாஸ்க் 99-ஐப் பிடிக்கும். இந்தியாவிலும் இதே மூன்று தரப் பெயர்கள்தான். எண் 95 என்று எழுதிய மாஸ்க்கும் உண்டு. கொரோனா காலத்தில் 'என் 95' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது அமெரிக்க அளவு. நூற்றில் 95-ஐப் பிடிக்கும். ஆகவே அதுவும் எண் 2 உள்ள மாஸ்க்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனால் முகத்தில் போடும்போது ஓரங்களில் கொஞ்சம் காற்று கசியும். அதையும் சேர்த்துப் பிரிட்டன் நாட்டில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வெளியே 100 பங்கு தூசு இருந்தால், எண் 1 மாஸ்க்குக்குள் 25 பங்கு வரும். எண் 2 மாஸ்க்குக்குள் 10 பங்கு வரும். எண் 3 மாஸ்க்குக்குள் 5 பங்கு வரும். அதுவும் முகத்தில் சரியாகப் பொருந்தினால்தான்.

இந்தக் கணக்கில் இன்னொரு செய்தி இருக்கிறது. எந்த மாஸ்க்கும் தூசை முழுவதும் தடுக்காது. தூசு மிக அதிகமாக இருந்தால், அதில் இருபதில் ஒரு பங்கு கூட விஷம்தான்.

யாருக்கு எந்த எண்?

வீட்டைப் பெருக்கி ஒட்டடை அடிப்பவருக்கு எண் 1 போதும்.

தில்லியில் ஃபத்தேபுரி மசூதிக்குப் பக்கத்தில் காரி பாவலி என்ற பெரிய மசாலாச் சந்தை இருக்கிறது. மிளகாய் மூட்டை இறங்கும்போது தெருவே தும்மும். அப்படிப்பட்ட மசாலாத் தூசு, மாவுத் தூசு, பஞ்சுத் தூசு ஆகியவற்றுக்கு எண் 2 வேண்டும்.

கல் அறுப்பவர், கான்கிரீட் துளைப்பவர், கிரானைட் தேய்ப்பவர், டைல்ஸ் அறுப்பவர், எம்சாண்ட் ஆலையில் வேலை செய்பவர் ஆகியோருக்கு எண் 3 வேண்டும். அதுவும் தண்ணீர் தெளித்துத் தூசைக் குறைத்த பிறகு. தூசு மேகம் போல எழும்பும் இடத்தில் எண் 3 கூடப் போதாது. அங்கே மெஷினையே மூட வேண்டும்.

டி.பி. வார்டில் வேலை செய்யும் துப்புரவுப் பணியாளருக்கு எண் 2 அல்லது என் 95 வேண்டும். சில மாஸ்க்கின் முன்னால் சின்ன மூடி போல ஒரு வால்வு இருக்கும். அது மூச்சை வெளியே விடுவதைச் சுலபமாக்கும். வெயிலில் கல் வேலை செய்பவருக்கு அது நல்லது. ஆனால் வால்வு வழியாகப் போகும் மூச்சு வடிகட்டப்படாமல் வெளியே போகும். மாஸ்க் போட்டவருக்கே நோய் இருந்தால் அது அடுத்தவருக்குப் பரவும். ஆகவே மருத்துவமனையில் வால்வு இல்லாத மாஸ்க்தான் ஏற்றது.

எண் மட்டும் இருந்தால் போதாது. போலி மாஸ்க்கிலும் எண்ணை அச்சடித்துவிடுவார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முத்திரைக்கு மேலே 9473 என்ற எண் இருக்க வேண்டும். தூசு மாஸ்க்குக்கு இந்தியத் தர நிர்ணய நிறுவனம் கொடுத்துள்ள எண் அது. அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகம் தில்லியில் பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் இருக்கிறது. முத்திரைக்குக் கீழே உரிம எண் இருக்கும். செல்போனில் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால், அது உண்மையா, போலியா என்று தெரிந்துவிடும். பெட்டியின் மேல் காலாவதித் தேதியும் இருக்கும். மாத்திரை வாங்கும்போது பார்ப்பது போல அதையும் பார்க்க வேண்டும்.

போடும் முறை

நல்ல மாஸ்க்கை வாங்கித் தொளதொளவென்று போட்டால் காசுதான் வீண். ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடித்த கதைதான்.

முதலில் கையைக் கழுவ வேண்டும். மாஸ்க்கை மூக்கும் தாடையும் மூடும்படி வைக்க வேண்டும். இரண்டு பட்டை இருந்தால் மேல் பட்டை உச்சந்தலைக்குப் பின்னால் வர வேண்டும். கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரியில் வர வேண்டும். மூக்கின் மேல் உள்ள கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்தி மூக்கோடு பதிய வைக்க வேண்டும்.

பிறகு சோதனை. இரண்டு கையாலும் மாஸ்க்கை லேசாக மூடிக்கொண்டு மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். மாஸ்க் முகத்தோடு ஒட்டி உள்வாங்கினால் சரி. மூச்சை வெளியே விடும்போது கண்ணோரத்திலோ கன்னத்திலோ காற்று பட்டால் சரியில்லை. மறுபடி சரிசெய்ய வேண்டும். எவ்வளவு சரிசெய்தாலும் பொருந்தவில்லை என்றால் அது அவர் முகத்துக்கு ஏற்ற அளவல்ல. செருப்புக்கு அளவு இருப்பது போல மாஸ்க்குக்கும் அளவு உண்டு. பெண்களுக்குச் சின்ன அளவு கேட்டு வாங்க வேண்டும்.

தாடி இருந்தால் மாஸ்க் முகத்தில் ஒட்டாது. இரண்டு நாள் தாடிகூடத் தடைதான். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் தாடி வளர்ப்பார்கள். சீக்கியரும் முஸ்லிம்களும் மதக் கடமையாகத் தாடி வைப்பார்கள். அவர்களுக்குத் தலை முழுவதையும் மூடும் வேறு வகைக் கவசம் உண்டு. அதில் சின்ன மின்விசிறி சுத்தக் காற்றை உள்ளே அனுப்பும். அதைக் கேட்க வேண்டும். அது கிடைக்கும்வரை தூசு இல்லாத வேலையைக் கேட்க வேண்டும்.

மாஸ்க்கின் மேல் என் ஆர் என்ற இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால், அது ஒரு ஷிஃப்டுக்கு மட்டும் என்று பொருள். மூச்சு இழுக்கக் கஷ்டமாக இருந்தாலோ, மாஸ்க் நனைந்தாலோ, கிழிந்தாலோ, பட்டை தளர்ந்தாலோ உடனே மாற்ற வேண்டும். பீடி குடிக்கவும் பேசவும் மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கி வைப்பவர்கள் உண்டு. தூசுக்கு நடுவில் இறக்கினால் அதுவரை போட்டிருந்ததன் பலன் குறைந்துபோகும்.

மாஸ்க் காக்காத இடம்

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம்.

2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி. தில்லியில் மோதி நகர் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆட்கள் இறங்கினார்கள். 5 பேர் இறந்துபோனார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை மாதம் தெற்கு தில்லியில் கிட்டோர்னி என்ற இடத்தில் இதே போல 4 பேர் இறந்தார்கள்.

காற்றில் ஏறக்குறைய 21 பங்கு பிராணவாயு இருக்கிறது. அது 19.5 பங்குக்குக் கீழே போனால் ஆபத்து. மூடிய குழியில் கழிவு அழுகும்போது பிராணவாயு குறைந்துவிடும். விஷவாயு சேரும். அழுகிய முட்டை நாற்றம் வரும் வாயு ஒன்று உண்டு. அதன் பெயர் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது அதிகமானால் மூக்கு மரத்துப் போகும். நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, விஷமும் போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்கப் போகிறவரும் விழுவார். ஒரே குழியில் நாலைந்து பேர் இறப்பது இப்படித்தான்.

அங்கே தூசு மாஸ்க் என்ன செய்யும்? எண் 3 மாஸ்க் போட்டாலும் விஷவாயு அப்படியே உள்ளே வரும். இல்லாத பிராணவாயுவை மாஸ்க் உண்டாக்கித் தராது. "மாஸ்க் தருகிறேன், இறங்கு" என்று யாராவது சொன்னால் இறங்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு இல்லாமல் ஆளைக் குழியில் இறக்குவதைத் தடை செய்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி உச்சநீதிமன்றம், சாக்கடைக் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. தீயணைப்புப் படையைக் கூப்பிட வேண்டும். அவர்களிடம் முதுகில் மாட்டும் காற்று உருளை இருக்கும்.

மாஸ்க்குக்கு முன்னால் தண்ணீர்

மழை பெய்கிறது. கூரை ஒழுகுகிறது. வீட்டுக்குள் குடை பிடித்து உட்காரலாம். ஆனால் அறிவாளி என்ன செய்வார்? முதலில் கூரையை அடைப்பார். மாஸ்க் என்பது வீட்டுக்குள் பிடிக்கும் குடை. தூசை எழும்பவிடாமல் செய்வதுதான் கூரையை அடைப்பது.

டைல்ஸ் அறுக்கும் பிளேடில் தண்ணீர் சொட்டும்படி செய்தால் தூசு பெருமளவு அடங்கிவிடும். கிரஷரில் தண்ணீர் தெளிக்கலாம். தகடு வைத்து மூடலாம். தூசை உறிஞ்சும் மெஷின் வைக்கலாம். வேலை முடிந்ததும் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரமாக்கிப் பெருக்கலாம். தூசு படிந்த துணியோடு வீட்டுக்குப் போனால் குழந்தைகளும் அந்தத் தூசைச் சுவாசிப்பார்கள். வேலை இடத்திலேயே துணி மாற்றுவது நல்லது.

இதையெல்லாம் செய்ய வேண்டியவர் முதலாளி. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சிலிகோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் என்று சொன்னது. பிறகு நாடாளுமன்றம் 2020-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்புக்கான புதிய சட்டத் தொகுப்பை நிறைவேற்றியது. அது 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதிலும் சிலிகோசிஸ் அந்த நோய்ப் பட்டியலில் இருக்கிறது. தொழிலாளரின் பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளரிடம் காசு வாங்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் பொருந்தும் இடத்தில் மாஸ்க்குக்குக் கூலியில் பிடித்தம் செய்வது சட்டத்துக்கு விரோதம்.

தனியாகப் போய்க் கேட்டால் "நாளைக்கு வேலைக்கு வராதே" என்று சொல்லக்கூடும். கூலிக்குப் போகிறவருக்கு இது சின்னப் பயமல்ல. ஆகவே நாலு பேர் சேர்ந்து கேட்க வேண்டும். சங்கம் இருந்தால் சங்கத்தின் மூலம் கேட்க வேண்டும். எழுதிக் கேட்க வேண்டும். எழுதியதில் தேதி போட்டு ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இருமலும் மூச்சு வாங்குவதும் இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். "இருமல்" என்று மட்டும் சொல்லக் கூடாது. "இத்தனை ஆண்டு கல் வேலை செய்தேன்" என்று சொல்ல வேண்டும். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். என்ன வேலை, எங்கே, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எதுவாக இருந்தாலும் பத்திரமாக வைக்க வேண்டும். பின்னால் இழப்பீடு கேட்கும்போது அந்தக் காகிதம்தான் பேசும். எந்தக் காகிதமும் இல்லாத தினக்கூலிக்கு, தான் கல் வேலை செய்ததைக் காட்டுவதே பெரும்பாடு.

முடிவாக

தோழர்களே, லால் குவான் தொழிலாளர்கள் சோம்பேறிகள் அல்ல. கவனமில்லாதவர்களும் அல்ல. கையில் கிடைத்த துணியால் மூக்கை மூடிக்கொண்டு குழந்தைகளுக்காக உழைத்தார்கள். அந்தத் தூசு எப்படிப்பட்டது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இன்று இதைக் கேட்பவர்களுக்கும் படிப்பவர்களுக்கும் அது தெரிந்துவிட்டது. படிக்கக் கற்றுக்கொண்டது பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படிக்க மட்டுமல்ல. மாஸ்க்கின் மேல் இருக்கும் எண்ணைப் படிக்கவும்தான். அடுத்த முறை மேஸ்திரி ஒரு மாஸ்க்கைக் கையில் கொடுத்தால், அதைத் திருப்பிப் பாருங்கள். எண் இருக்கிறதா? முத்திரை இருக்கிறதா? தேதி இருக்கிறதா? இல்லை என்றால் கேளுங்கள். பக்கத்தில் வேலை செய்பவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் அவர் மாஸ்க்கையும் வாங்கிப் படித்துச் சொல்லுங்கள்.



கலந்து பேசுங்கள்

1. உங்கள் வேலையில் காற்றில் கலப்பது என்ன? தூசா, ஆவியா?

2. கல் தூசுக்குத் துண்டு ஏன் போதாது?

3. மாஸ்க்கின் மேல் எந்த எண்களைப் பார்க்க வேண்டும்?

4. சாக்கடைக் குழியில் ஒருவர் மயங்கி விழுந்தால் மேலே இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

5. உங்கள் வேலை இடத்தில் தூசைக் குறைக்க முதலாளியிடம் என்ன கேட்கலாம்? சேர்ந்து ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள்.